கமிஷனும் மாலைப் படிப்பும்

பிரிட்டனில் நிதி ஆலோசகர்களாக இருந்தவர்களுக்கு 2012 டிசம்பர் 31 ஒரு கெடு நாள். சேமிப்பை எங்கே முதலீடு செய்யலாம், எந்த ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம் என்று பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைத்தவர்கள், அந்த நாளுக்குள் பல்கலைக்கழக முதலாண்டுக்கு இணையாக மதிப்பிடப்பட்ட ஒரு டிப்ளமாவைப் பெற்றிருக்க வேண்டும். பெறாதவர்கள் மறுநாள் முதல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. முப்பது ஆண்டு அனுபவம் இருந்தாலும் விலக்கு கிடையாது. பகலில் வாடிக்கையாளர்களைப் பார்த்துவிட்டு இரவில் வருமான வரியையும் ஓய்வூதியச் சட்டத்தையும் படித்தவர்களில் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களும் இருந்தார்கள். அதே நாளோடு இன்னொன்றும் முடிவுக்கு வந்தது. முதலீட்டுத் திட்டங்களை விற்றுக் கொடுத்ததற்காக நிறுவனங்கள் ஆலோசகர்களுக்குத் தந்துவந்த கமிஷன் தடைசெய்யப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே சீர்திருத்தத்தின் இரு கைகளாக எழுதுவதுதான் வழக்கம். ஆனால் ஒன்றுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மற்றொன்று அன்றுதான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் படித்துத் தேறும் தேர்வு, அறிவை வளர்க்கத்தான் பிறந்தது. பிற்காலத்தில் நேர்மையை வரவழைக்கவும் அதையே நம்பினார்கள். ஊதிய முறையில் கைவைக்கத் தயங்கிய ஒவ்வொரு முறையும், சீர்திருத்தத்தின் செலவை விற்பனையாளரின் மாலை நேரத்தில் பற்று எழுதினார்கள் என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் இதில் எந்தக் கட்டாயமும் இல்லை. 1873-இல் மான்செஸ்டர் நகரத்துக் காப்பீட்டு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதைப் பின்பற்றி மற்ற நகரங்களில் எழுந்த சங்கங்கள் 1897-இல் ஒரு கூட்டமைப்பாகி, 1912-இல் அரச சாசனம் பெற்று, சார்ட்டர்ட் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆயின. வங்கித் துறையில் ஸ்காட்லாந்து முந்திக்கொண்டது. 1875-இல் எடின்பரோவில் தொடங்கிய வங்கியாளர் சங்கமே அவ்வகையில் உலகின் மிகப் பழையது. லண்டனில் 1879-இல் இன்னொரு சங்கம் வந்தது. அதன் முதல் தலைவர் ஜான் லப்பக், வங்கி விடுமுறைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர்; வங்கி வேலைக்கு நடுவே எறும்புகளையும் தேனீக்களையும் ஆராய்ந்து நூல் எழுதியவர். வேலை நேரத்துக்குப் பிறகு படிக்கச் சொல்லும் ஒரு சங்கத்துக்கு அவரைவிடப் பொருத்தமான தலைவர் அமைந்திருக்க முடியாது. அரசியல் பொருளாதாரம், வணிகச் சட்டம், கணக்குப்பதிவு, நடைமுறை வங்கியியல் ஆகியவை பாடங்கள். மாலை நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிமையானது. அக்கால வங்கிகள் பட்டதாரிகளைத் தேடவில்லை. பள்ளியை முடித்த பையன்களைத் தெரிந்தவர் சிபாரிசோடு எடுத்து, பேரேட்டின் முன் உட்கார வைத்து, மூப்பு அடிப்படையில் மேலே கொண்டுவந்தன. பகல் முழுவதும் வங்கிக்குச் சொந்தம் என்பதால் படிப்புக்கு இரவுதான் மிஞ்சியது. அதற்கான ஏற்பாடுகள் லண்டனில் ஏற்கெனவே இருந்தன. பின்னாளில் பர்க்பெக் கல்லூரியான தொழிலாளர் கல்விக்கூடம் 1823-இல் தொடங்கியிருந்தது. 1848 முதல் இளைஞர்களுக்கான மாலை வகுப்புகள் நகரின் மையப் பகுதியிலேயே நடந்துவந்தன. நகரத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அஞ்சல்வழிக் கல்லூரிகள் வந்தன. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் மெட்ரோபாலிட்டன் காலேஜும், 1928-இல் தொடங்கிய ரேபிட் ரிசல்ட்ஸ் காலேஜும் அவற்றில் பெயர் பெற்றவை. அதே 1928-இல் பம்பாயில் இந்திய வங்கியாளர் கழகமும் 1955-இல் இந்தியக் காப்பீட்டுக் கழகங்களின் கூட்டமைப்பும் இதே அச்சில் வார்க்கப்பட்டன. நம் ஊர் வங்கி ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வின் மூதாதை எடின்பரோவில் இருக்கிறது. அந்தத் தேர்வில் தேறினால் கூடுதல் இன்கிரிமென்ட் உண்டு என்பதும் இங்கே முக்கியம். ஊழியர் மாலையைக் கொடுத்தார், நிறுவனம் சம்பள உயர்வும் பதவி உயர்வும் கொடுத்தது. ஏறத்தாழ நியாயமான பேரம்தான்.

இந்தத் தேர்வுகள் ஒரு பெரிய வங்கி வீழ்ச்சியின் விளைவு என்று சொல்லத் தோன்றும். 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கதவைச் சாத்தியது. அடுத்த ஆண்டே லண்டனில் வங்கியாளர் சங்கம் பிறந்தது. ஆனால் ஸ்காட்லாந்துச் சங்கம் அந்த வீழ்ச்சிக்கு மூன்று ஆண்டு முந்தியது. அதைவிட முக்கியம், வீழ்ச்சியின் தன்மை. அந்த வங்கியின் பங்குதாரர்களுக்கு வரம்பற்ற பொறுப்பு இருந்ததால் 1,819 பேரில் 254 பேர் மட்டுமே கடன் தீர்த்துத் தாக்குப்பிடித்தார்கள். விதவைகளும் ஓய்வுபெற்றவர்களும் வீடு வாசலை இழந்தார்கள். இந்தப் பேரழிவுக்குக் காரணம் வணிகச் சட்டம் தெரியாத எழுத்தர்கள் அல்லர். விரல் விட்டு எண்ணக்கூடிய சில வணிகர்களுக்குக் கணக்கின்றிக் கடன் கொடுத்து, அதை மறைக்க ஐந்தொகையைத் திருத்தி எழுதிய இயக்குநர்கள்தான். அவர்கள் சிறைக்குப் போனார்கள். ஒரு துறையில் பெரும் பணம் தொலைந்தால் கீழே இருப்பவர்களின் அறிவைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை. அது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு.

இந்தச் சங்கங்களின் தேர்வை யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்பதில்தான் பிற்காலச் சிக்கலின் வேர் இருக்கிறது. எழுதியவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். தெருவில் இறங்கி விற்றவர்களுக்கு எந்தத் தேர்வும் இல்லை. 1854-இல் புருடென்ஷியல் நிறுவனம் தொழிலாளர்களுக்கான ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியது. வாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று வீடு வீடாக வசூலித்தார்கள். பெரும்பாலும் அது ஈமச் சடங்குச் செலவுக்கான பாலிசி. ஊராட்சிச் செலவில் புதைக்கப்படும் அவமானத்துக்கு அஞ்சிய ஏழைகள் சாப்பாட்டைக் குறைத்தாவது அதைக் கட்டினார்கள். வசூலிக்க வந்த ஏஜென்டின் வருமானம் புதிய பாலிசி பிடிப்பதிலும் வசூலிலும் இருந்தது. சில சங்கங்களில் ஏஜென்ட் தன் வாடிக்கையாளர் பட்டியலையே சொத்தாக இன்னொருவருக்கு விற்கலாம். சில வாரம் கட்டி, வேலை போனதும் நிறுத்திவிட்டவரின் பணம் மூழ்கிப்போகும். பாலிசி பிடித்தவருக்கு வரவேண்டியது அதற்கு முன்பே வந்திருக்கும். 1864-இல் நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன் இந்த வணிகத்தை நாடாளுமன்றத்தில் கடுமையாகத் தாக்கினார். 1942-இல் பெவரிட்ஜ் தன் புகழ்பெற்ற அறிக்கையில் இந்த வகைக் காப்பீட்டை அரசு வாரியமாக்கச் சொன்னார், அது நடக்கவில்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு விமர்சனங்களும் கைவைத்த இடம் ஒன்றே. விற்கிறவரின் ஊதியம் அமைந்த விதமும், வசூலுக்கே பிரீமியத்தில் பெரும்பங்கு கரைந்ததும்தான் அவை சுட்டிய குறைகள். ஏஜென்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று இருவருமே நினைக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் படித்தவர் விற்கவில்லை, விற்றவர் படிக்கவில்லை. வீட்டு வசூலை நம்பிய புதிய பாலிசிகளை விற்பதைப் புருடென்ஷியல் நிறுத்தியதே 1995-இல்தான்.

நிலைமை மாறியது 1980-களில். 1981-இல் நார்ட்டன் வார்பர்க் என்ற முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தபோது, பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் பணத்தோடு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஓய்வுபெற்ற ஊழியர்களின் பணமும் போயிற்று. மத்திய வங்கியின் ஊழியர்களே ஏமாந்தால் அரசு சும்மா இருக்க முடியுமா? சட்டப் பேராசிரியர் கோவர் 1984-இல் அறிக்கை தந்தார். 1986-இல் நிதிச் சேவைச் சட்டம் வந்தது. 1988 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் தாட்சர் அரசு தனிநபர் ஓய்வூதியத் திட்டங்களைத் திறந்துவிட்டது. நிறுவன ஓய்வூதியத்தில் இருந்தவர் அதிலிருந்து விலகித் தனியார் திட்டத்துக்கு மாறலாம் என்றானதும், காப்பீட்டு நிறுவனங்கள் விற்பனைப் படைகளைப் பெருக்கின. சுரங்கத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள் ஆகியோர் முதலாளியின் பங்களிப்போடு வந்த உறுதியான ஓய்வூதியத்தைக் கைவிட்டு, பங்குச் சந்தையை நம்பிய திட்டங்களில் சேரும்படி தூண்டப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு அது நஷ்டம் என்பதைச் சொல்லப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. 1994 வரை நீடித்த இந்தத் தவறான விற்பனைக்கு நிறுவனங்கள் கடைசியில் கொடுத்த இழப்பீடு ஏறத்தாழ 1,180 கோடி பவுண்டு. அதற்கு ஒழுங்குமுறை அமைப்பு தந்த பதில்களில் முதன்மையானது தேர்வு. சார்ட்டர்ட் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் மூன்று தாள்கள் கொண்ட நிதித் திட்டமிடல் சான்றிதழ், அல்லது அதற்கு இணையானது, விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் 1990-களின் பிற்பகுதிக்குள் கட்டாயமானது. 1995 முதல் கமிஷன் தொகையை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் விதி வந்தது. சொல்ல வேண்டியதுதான் கட்டாயம். வாங்குவதற்குத் தடை இல்லை. விளைவைப் பார்க்க அதிக நாள் ஆகவில்லை. 2000-2001-இல் லாயிட்ஸ் டிஎஸ்பி வங்கி, பங்குக் குறியீடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் முதலே கரையும் ஒருவகைப் பத்திரத்தைத் தன் வாடிக்கையாளர்களுக்கு விற்றது. பொருத்தமில்லாதவர்களுக்கும் விற்றதற்காக 2003-இல் 19 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. விற்றவர்கள் சான்றிதழ் கட்டாயமான பிறகு வேலை பார்த்தவர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்த விற்பனையாளர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால்? கடைசிச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்ட ஓய்வூதியத்தின் மதிப்பைக் கணக்கிடுவது எளிதல்ல. சில வாரப் பயிற்சியோடு களத்துக்கு அனுப்பப்பட்டவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அறியாமை பெரிய பங்கு வகித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அறியாமை தானாக வந்ததல்ல. தெரியாதவரை வேலைக்கு எடுப்பது மலிவு. விற்றால்தான் காசு என்ற ஏற்பாட்டில், நிற்காமல் வெளியேறுபவரால் நிறுவனத்துக்குச் செலவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கே கூலி கிடைக்கும்போது படிப்பு எப்படி வேர்பிடிக்கும்? இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. என் வாதத்தின் மறுபக்கத்தைத் தாக்குவது. ஈக்விட்டபிள் லைஃப் 1762-இல் தொடங்கிய நிறுவனம். வெளி முகவர்களுக்குக் கமிஷன் தருவதில்லை என்பதையே அது பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அதன் தலைமையில் இருந்தவர்கள் காப்பீட்டுக் கணிப்பு வல்லுநர்களான ஆக்சுவரிகள். வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டு படித்து எழுதும் தேர்வுகளில் ஆகக் கடினமானதைத் தேறியவர்கள். கமிஷனும் இல்லை, அறியாமையும் இல்லை. ஆனாலும் 1988 வரை விற்ற பாலிசிகளில் கொடுத்த ஆண்டுத்தொகை உத்தரவாதத்தை வட்டிவிகிதம் குறைந்த காலத்தில் காப்பாற்ற முடியாமல், 2000 ஜூலையில் பிரபுக்கள் அவையில் வழக்கில் தோற்று, அந்த டிசம்பரில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையே நிறுத்தியது. இதை வைத்துக் கமிஷனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நிதித் துறையில் பணம் தொலைய வழிகள் பல. ஆனால் ஈக்விட்டபிள் வழக்கு ஆலோசனையின் தவறு அல்ல, நிர்வாகத்தின் தவறு. தேர்வின் எல்லை பற்றி அது சொல்வது என் வாதத்துக்குப் பகையும் அல்ல. மிகக் கடினமான தேர்வைத் தேறியவர்களும், லாபத்தை எல்லாம் பங்கிட்டுவிட்டு இருப்பு வைக்காமல் நடத்தும் பழக்கத்திலிருந்து தப்பவில்லை.

எஃப்.எஸ்.ஏ. என்று அறியப்பட்ட நிதிச் சேவை ஆணையம் 2006-இல் முதன்முறையாக ஊதியத்தைத் தொடும் தைரியம் பெற்றது. அதன் தலைவர் கேலம் மெக்கார்த்தி அந்தச் செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளென்ஈகிள்ஸில் காப்பீட்டு நிறுவனத் தலைவர்கள் முன்னிலையிலேயே, இந்த விற்பனை முறை வாடிக்கையாளருக்கும் உதவவில்லை, நிறுவனத்துக்கும் உதவவில்லை என்ற பொருளில் பேசினார். ஆறாண்டு இழுபறிக்குப் பிறகு 2012 முடிவில் கமிஷன் தடையும் உயர்ந்த தேர்வும் சேர்ந்து வந்தன. இரண்டில் அதிகக் கூச்சல் எழுந்தது தேர்வைப் பற்றித்தான் என்பது கவனிக்கத்தக்கது. புதிய டிப்ளமாவில் ஆறு தாள்கள். ஒழுங்குமுறையும் அறநெறியும், முதலீட்டுக் கோட்பாடுகள், தனிநபர் வரி, ஓய்வூதியம், காப்பீட்டுப் பாதுகாப்பு ஆகிய ஐந்தும் கொள்குறி வினாக்கள். ஆறாவது தாள் விரிவாக எழுத வேண்டியது. இரண்டு வாரம் முன்பே இரண்டு குடும்பங்களின் வரவு செலவும் கடனும் ஆசைகளும் அடங்கிய விவரம் தரப்படும். தேர்வறையில் அக்குடும்பங்களுக்கு ஆலோசனை எழுத வேண்டும். மனப்பாடத்துக்கு அதிகம் இடம்கொடுக்காத அந்தத் தாளை, இந்தத் துறையின் தேர்வுகளிலேயே சிறந்த யோசனை என்று சொல்லலாம். இதற்கெல்லாம் மேலாக ஆண்டுக்கு 35 மணி நேரத் தொடர் பயிற்சியும், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் ஆண்டுச் சான்றும் கட்டாயமாயின. அனுபவமுள்ளவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2010 நவம்பரில் விவாதித்தார்கள். ஆண்ட்ரூ டைரி தலைமையிலான நாடாளுமன்ற நிதிக் குழு 2011-இல் ஓராண்டு தள்ளிவைக்கச் சொன்னது. ஆணையம் இரண்டையும் மறுத்தது. 2011 முடிவில் ஏறத்தாழ 40,000 ஆக இருந்த ஆலோசகர் எண்ணிக்கை கெடு முடிந்தபோது ஏறத்தாழ 31,000 ஆகியிருந்தது.

இத்தனை பேர் தொழிலை விட்டதற்குத் தேர்வே காரணம் என்பது அன்றைய பொதுவான பேச்சு. வயதானவர்கள் பலர் பரீட்சைக்குப் பயந்து ஓய்வு பெற்றது உண்மை. ஆனால் கூட்டமாகக் குறைந்தவர்களில் வங்கிக் கிளை ஆலோசகர்கள் உண்டு. அவர்கள் தேர்வில் தோற்று வெளியேறவில்லை. பார்க்லேஸ் வங்கி தன் ஆலோசனைப் பிரிவை மூடுவதாக அறிவித்தது 2011 ஜனவரியில், கெடுவுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பு. தவறான விற்பனைக்காகப் பெரிய அபராதம் கட்டிய கையோடு. கமிஷன் இல்லாத ஆலோசனையில் வங்கிக்கு லாபம் இல்லை என்ற கணக்குத்தான் அதைப் போன்ற முடிவுகளின் அடியில் இருந்தது. சிறு நிறுவனம் நடத்தியவர்களின் கதை வேறு. அவர்கள் கட்டணம், புத்தகம், விடுப்பு எல்லாவற்றையும் சொந்தக் கணக்கில் ஏற்றார்கள். பழைய வங்கி எழுத்தருக்குக் கிடைத்த இன்கிரிமென்ட் இவர்களுக்கு இல்லை. தேறினால் கிடைத்த பரிசு, நேற்றுவரை செய்த அதே வேலையைத் தொடரும் உரிமை. பேரம் என்று சொல்ல முடியாத ஒன்றாக அது மாறியிருந்தது. சுமை எல்லோர் தோளிலும் சமமாக விழவும் இல்லை. மாலை நேரம் சும்மா கிடக்கிறது என்ற எண்ணமே, வீட்டில் சமையலும் குழந்தையும் முதிய பெற்றோரும் இன்னொருவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டவர்களின் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இளம் எழுத்தருக்கு அது பொருந்தியிருக்கலாம். அப்படியானால் மருத்துவர்களைப் போல முழுநேரப் பட்டப்படிப்பாக்கிவிடலாமே என்பார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. முழுநேரப் படிப்பு, மூன்றாண்டு சம்பளம் இல்லாமல் இருக்கக்கூடியவர்களுக்கே கதவைத் திறக்கும். பதினெட்டு வயதில் ஆலோசனை அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், தாள் தாளாகத் தேறி ஆலோசகராகும் வழி, மான்செஸ்டர் எழுத்தர்கள் விட்டுச்சென்ற நல்ல சொத்து. பகுதிநேரம் என்பது குறையல்ல. நேரத்தின் விலையை யார் தருவது என்பதுதான் கேள்வி.

தடைக்குப் பிறகு நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கு ஆலோசனையே எட்டாமல் போயிற்று என்ற குற்றச்சாட்டும் உண்டு. 2016-இல் அரசே நடத்திய மறுஆய்வு அதை ஏற்றுக்கொண்டது. சிறு சேமிப்பு உள்ளவரிடம் நேரடிக் கட்டணம் கேட்டால் அவர் எழுந்து போய்விடுகிறார். உண்மைதான். ஆனால் அவருக்கு முன்பு இலவசமாகக் கிடைத்தது ஆலோசனையா விற்பனையா என்று கேட்க வேண்டும். 1994-க்கு முந்தைய சுரங்கத் தொழிலாளிக்கும் அது இலவசமாகத்தான் கிடைத்தது. 2014-இல் வெளியான மதிப்பீட்டு ஆய்வு, கமிஷனுக்காக ஒரு திட்டத்தைத் தள்ளிவிடும் பழக்கம் குறைந்ததற்கு ஆதாரம் கண்டது. தேர்வு மட்டும் இருந்த ஆண்டுகளைப் பற்றி அப்படி ஒரு வரியை எழுத யாருக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தியாவில் இதே வரலாறு தலைகீழாக நடந்தது. அதனாலேயே ஒப்பிடத் தகுந்தது. பரஸ்பர நிதியில் முதலீட்டாளரின் பணத்திலிருந்து நேரடியாகக் கழித்து முகவருக்குத் தரப்பட்ட நுழைவுக் கட்டணத்தை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2009 ஆகஸ்ட் 1 முதல் ஒழித்தது. பிரிட்டனுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் முன்பே. 2013-இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிமுறை வந்தது. ஆலோசகராகப் பதிவு செய்தவர் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் பெற வேண்டும், நிறுவனத்திடம் கமிஷன் கூடாது. 2020-இல் அவர்களுக்கான தகுதி முதுகலைப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் என்று உயர்ந்தது. ஐம்பது வயதைக் கடந்த பழைய ஆலோசகர்களுக்கு அதிலிருந்து விலக்கும் தரப்பட்டது, பிரிட்டன் கொடுக்க மறுத்த அதே விலக்கு. மறுபக்கம் காப்பீட்டு முகவர்கள். 2000-இல் அவர்களுக்கு 100 மணி நேரப் பயிற்சி கட்டாயம். பிறகு அது 50 ஆனது, பிறகு 25. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், அது நல்லதுதான். ஆனால் இந்த ஏற்பாட்டின் விசித்திரத்தைப் பாருங்கள். கமிஷன் வாங்கவே முடியாதவரிடம் முதுகலைப் பட்டம் கேட்டார்கள். கமிஷனில் பிழைப்பவரிடம் கேட்ட பயிற்சி நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். விளைவும் எதிர்பார்த்தபடியே அமைந்தது. விற்பவர்கள் லட்சக்கணக்கில் பெருகினார்கள், பதிவு பெற்ற ஆலோசகர்கள் இந்தியா முழுவதும் சேர்ந்தாலும் ஒரு சிறுநகரத் திருமண மண்டபத்தில் அடங்கிவிடும் கூட்டமாகவே இருந்தார்கள். 2024 டிசம்பரில் செபி தகுதியை இளங்கலைப் பட்டமாகக் குறைத்து, அனுபவ நிபந்தனையையும் நீக்கியது. சுவர் தவறான இடத்தில் எழுப்பப்பட்டிருந்ததை அந்தத் திருத்தமே காட்டுகிறது.

பிரிட்டனில் தேர்வும் தடையும் சேர்ந்து வந்த பிறகும் ஒரு பெரிய தவறு நடந்தது, அதுவும் டாடா ஸ்டீல் வாங்கிய பழைய பிரிட்டிஷ் ஸ்டீல் ஆலைகளில். 2017-இல் ஓய்வூதியத் திட்டத்தை டாடா மாற்றியமைத்தபோது, தொழிலாளர்கள் சில மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வேல்ஸில் போர்ட் டால்பட் போன்ற ஊர்களில் ஏறத்தாழ 8,000 பேர் உறுதியான ஓய்வூதியத்தை விட்டு, மொத்தம் 280 கோடி பவுண்டைத் தனிக் கணக்குகளுக்கு மாற்றினார்கள். எஃப்.எஸ்.ஏ.வின் இடத்துக்கு வந்திருந்த எஃப்.சி.ஏ. பின்னர் ஆராய்ந்தபோது, கொடுக்கப்பட்ட ஆலோசனையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை பொருத்தமற்றவை என்று தெரிந்தது. இவ்வகை மாற்றத்தைப் பரிந்துரைக்க டிப்ளமாவுக்கு மேல் ஒரு சிறப்புத் தகுதித் தேர்வே இருக்கிறது. அதைத் தேறிய ஒருவர் கையெழுத்திடாமல் பெரிய தொகை எதையும் மாற்ற முடியாது. கமிஷனும் இல்லை. ஆனால் பெரும்பாலும் மாற்றினால் மட்டுமே ஆலோசகருக்குக் கட்டணம், மாற்ற வேண்டாம் என்று சொன்னால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு இருந்தது. கமிஷன் வேறு பெயரில் திரும்பி வந்திருந்தது. 2018 அக்டோபரில் எஃப்.சி.ஏ. அறிவித்த முதல் பெரிய மாற்றம், ஓய்வூதிய மாற்ற வல்லுநர்கள் அனைவரும் முதலீட்டு ஆலோசனைத் தேர்வையும் கூடுதலாகத் தேற வேண்டும் என்பது. அந்தக் கட்டண முறையைத் தடைசெய்யலாமா என்பதை அப்போது ஆலோசனையில் வைத்துக்கொண்டது. தடை வந்தது 2020 அக்டோபர் 1-இல். கூடுதல் தேர்வுக்கும் அதே மாதம்தான் முதலில் கெடு. கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியதில் அது மேலும் ஓராண்டு தள்ளிப்போனது.